வேகம் மாறும் மானிட்டர் எனக்கு வேண்டாம் என்பது குறித்து

வோன்ஜு,
பெருங்குளிர் நாளுக்கு மறுநாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனன் தோ குவாங்-பில்லுக்கு, உன் அத்தான் குக் ஹியோங்-கில் எழுதிக்கொள்வது.

மலையிலிருந்து இறங்கும் காற்று என் பால்கனிக் கண்ணாடியில் பூப்பூவாகப் பனியை உறைய வைத்திருக்கும் இந்நாளில், அங்கே யோசுவில் கடலோரத்தில் நீயும், உன் மனைவியும், உங்கள் விலாங்குமீன் கடையும், விற்காமல் இன்னும் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் விலாங்குகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். கொதிகலன் சுகம். என் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் மட்டும் முனகும்; லிஃப்டைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே அதுவும் சுகம்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீயும் என் மகள் யுன்-சோலும் சேர்ந்து, படம் கிழியாத, வேகம் மாறும் மானிட்டர் ஒன்றை வாங்கி அனுப்பப்போவதாகப் போனில் சொன்னாய். அனுப்பாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் உன்னிடம் யார் எதைச் சொல்ல முடியும்? நான் "வே" என்று வாயெடுத்ததும், "வேணும்னுதானே சொல்றீங்க, எனக்குத் தெரியும் அத்தான்" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிரான சொல். தாளில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படி. வாடிக்கையாளர் வந்தால் அவருக்கு மீனைச் சுட்டுக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படி.

இந்தச் சங்கடம் எங்கே தொடங்கியது என்று முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். யுன்-சோல் போலந்துக்குப் பாட்டரித் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது தன் கணினியை இங்கே அவள் அறையிலேயே விட்டுப்போனாள். போன வசந்தத்தில் அங்கிருந்து கூப்பிட்டு, தன்னுடைய பட்டச் சான்றிதழின் நகல் அதற்குள் இருக்கிறது, எடுத்து அனுப்புங்கள் என்றாள். நான் கணினியைத் திறந்து, அவள் சொன்ன படத்துக்குப் பக்கத்துப் படத்தை அழுத்திவிட்டேன். உடனே ஒரு மலைப்பாதை வந்தது, யாரோ விசில் ஊதினார்கள், எனக்கு இருபுறமும் கார்கள் பறந்தன. நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஓர் இளஞ்சிவப்புக் கார். அதன் கூரையில் ஒரு முயல் உட்கார்ந்து காதை ஆட்டிக்கொண்டிருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் வோன்ஜுவுக்கும் கங்னுங்குக்கும் நடுவே விரைவுப் பேருந்து ஓட்டியவன் நான். நடுச்சாலையில் வண்டியை விட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வருமா? தட்டுத்தடுமாறி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போது திரையின் மூலையில் யாரோ, "எங்க போயிட்ட, ரொம்ப நாளாக் காணோமே" என்று எழுதினார்கள். உன் அக்கா போய்ச்சேர்ந்ததற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டது யுன்-சோலை, என்னை இல்லை என்று எனக்கும் தெரியும். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, "அவள் போலந்து போயிருக்கிறாள், நான் அவளுடைய தந்தை, விசாரித்தமைக்கு நன்றி" என்று எழுதி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பதில் சொல்லாமல் இருந்தது மரியாதை இல்லையே என்று மறுநாளும் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. சான்றிதழை யுன்-சோல் வேறு வழியில் வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் படம் கிழியத் தொடங்கியது. வளைவில் வண்டியை வேகமாகத் திருப்பினால், ஓரத்துத் தடுப்புக் கம்பியின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி ஒரு சாண் தள்ளி இன்னோரிடத்திலும் நிற்கும். முயலின் காது ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். என் கண்தான் போய்விட்டது என்று நினைத்தேன். கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா இளம் வயது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் சோதித்துவிட்டு, எல்லாப் பொருளும் இரண்டாகக் கிழிந்து தெரிகிறதா என்று கேட்டார். இல்லை, கார் மட்டும்தான், அதுவும் வளைவில் மட்டும்தான் என்றேன். தெருவில் போகும் காரா என்றார். இல்லை, என் மகளுடைய முயல் கார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெரியவரே, உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. உங்க மானிட்டர்லதான். எங்க வீட்லயும் கிழிஞ்சுது, போன வருஷம் மாத்திட்டேன்."

கண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக மானிட்டரின் வகையை எழுதிக் கொடுத்தார். சொட்டு மருந்தின் மயக்கத்தில் எண் சரியாகத் தெரியாமல் நான் தவறான பேருந்தில் ஏறி ஊரின் மறுகோடியில் இறங்கினேன். இறக்கிவிட்ட ஓட்டுநர் எனக்குக் கீழே பயிற்சி பெற்றவன். இதை நீ யாரிடமும் சொல்லாதே.

டாக்டரம்மா எழுதித் தந்ததை உன்னிடம் சொன்னதற்குப் பிறகு உன் போன்கள் தொடங்கின. நீ விலாங்கு வாங்கும்போது எப்படித் தூக்கிப் பார்த்து, வழுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்ப்பாயோ அப்படியே ஒவ்வொரு மானிட்டரைப் பற்றியும் இணையத்தில் துருவிப் படித்து, மதிய வியாபாரம் ஓய்ந்ததும் எனக்கு வாசித்துக் காட்டினாய். எனக்குப் பாதி புரியவில்லை. ஆகவே கணினியைக் காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, உறைந்த தெருவில் இழுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். சந்தை முனையில் வண்டி சறுக்கிக் கணினி ஒரு முள்ளங்கிக் குவியலின்மேல் சாய்ந்தது. முள்ளங்கிக்காரி, இது என்ன சாதனம், குளிர்காலத்தில் கிம்ச்சி ஊறுகாய் போடவா என்று கேட்டாள். கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு குளிர்சாதனப் பெட்டியை இரண்டு பேர் மாடிப்படியில் இறக்குவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். மேலே பிடிப்பவர் கணினிக்குள் இருக்கிற கார்டு; அது ஒவ்வொரு படமாக வரைந்து தரும். கஷ்டமான இடத்தில் மெதுவாக, எளிய இடத்தில் வேகமாக. கீழே பிடிக்கும் பழைய மானிட்டரோ அது தந்தாலும் தராவிட்டாலும் தன்பாட்டுக்குப் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கும். கால் ஒத்துப்போகாத இடத்தில் பெட்டி கோணும், அதுதான் கிழிசல். வேகம் மாறும் மானிட்டர் என்றால், மேலே இருப்பவர் கால் வைக்கும்வரை கீழே இருப்பவர் நின்று நிதானிப்பார். அவ்வளவுதான் விஷயம். ஒரேயடியாக வேகம் குறைந்துபோனால் அதனாலும் தாங்க முடியாது, சிலதில் இருட்டுக் காட்சியில் லேசாக மினுக்கும், எப்போதும் ஒரே சீராக ஓடுகிற ஆட்டம் என்றால் பெரிய வித்தியாசமே தெரியாது என்றும் சொன்னார். என் கார்டு இதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆவலோடு காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உங்கள் மகள் நல்ல கார்டாகத்தான் போட்டிருக்கிறாள், தாராளமாகப் போதும் என்று சொல்லி என்னை மோசம் செய்தார்.

அன்று மாலை உனக்குச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? வாங்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள் அத்தான், கேம் சென்டரில் எல்லாம் அந்த மாதிரி மானிட்டர்தான் இருக்கும் என்றாய். ஆகவே இனி நடந்தது எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் ஒரு கேம் சென்டர் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். உள்ளே இருட்டு, வரிசை வரிசையாகத் திரைகள், நூடுல்ஸ் வாசனை. கல்லாவில் இருந்தவர் மா யோன்-ஜு என்ற அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், அவர்தான் சொந்தக்காரரும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, பேரன் பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். பேரன் இல்லை, மானிட்டரைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ ஆய்வாளர் என்று நினைத்துத் தீயணைப்புக் கருவியை எடுத்துக் காட்டினார், அவசர வழியைத் திறந்து காட்டினார், கழிப்பறையையும் காட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, எனக்கு ஓட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றேன். அப்புறம்தான் அவர் சிரித்தார். உன் அக்காவின் தோழிகள் இங்கே வந்து சிரிப்பார்களே, வாயை மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்க, அப்படி.

அங்கே சாப்பாடு வேண்டுமென்றால் திரையிலேயே அழுத்திக் கேட்க வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பார்லித் தேநீர். அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்தினேன், கீழே நகர்ந்தது, அதையும் அழுத்தினேன். சற்று நேரத்தில் காரக் குழம்பில் அரிசிக்கட்டி மிதக்கும் தொக்போக்கி வந்தது. அதன் பின்னால் கிம்ச்சி சாதம் வந்தது. அதன் பின்னால் பொரித்த மாண்டுக் கொழுக்கட்டை வந்தது. தேநீர் வரவே இல்லை. மேசையில் விசைப்பலகை வைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு தட்டை நீட்டினேன். அவர் பெயர் தாக் ஜுன்-மோ. நாற்பது வயது, கோழிக்கறி டெலிவரி ஓட்டுகிறவர், மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே ஓய்வுக்கு அங்கே வந்து உட்காருகிறவர். நாள் முழுக்கக் கோழி சுமக்கிறவருக்கு அரிசிக்கட்டியைக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷம் என்கிறாய். தின்றுகொண்டே, யுன்-சோலின் கணக்கில் நான் திறந்திருந்த திரையை எட்டிப் பார்த்து, முயல் உங்களுடையதா என்று கேட்டார். மகளுடையது, நான் தற்காலிகமாகத்தான் ஓட்டுகிறேன் என்றேன்.

பரிசோதனை முறைப்படியே நடந்தது. மா அம்மாள் வேகம் மாறும் வசதியை நிறுத்தி வைத்தார், ஒரு பந்தயம் ஓட்டினேன். தடுப்புக் கம்பி கிழிந்தது. பிறகு போட்டுவிட்டார், அதே பாதையில் ஓட்டினேன். கம்பி ஒரே கம்பியாக, முயல் ஒரே முயலாக வந்தது. என் பழைய வழித்தடத்துத் தேக்வல்லியோங் கணவாயில் முதல் பனி விழுந்த காலையில் தார்ச்சாலை எப்படிச் சத்தமில்லாமல் சக்கரத்துக்கு அடியில் வழுக்குமோ, அப்படி இருந்தது. இரண்டு முறையும் நான்தான் கடைசி. ஜுன்-மோ இதைக் கவனித்துவிட்டார்.

"கிழிஞ்சாலும் கடைசி, கிழியலன்னாலும் கடைசி. உங்களுக்கு எதுக்குப் பெரியவரே அந்த மானிட்டரு?"

நான் ஏன் கடைசி என்று அவரே கண்டும் பிடித்தார். வளைவுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே நான் மெல்ல மெல்ல பிரேக்கை அழுத்துகிறேனாம். பின் இருக்கையில் தூங்குகிறவர் தலை கண்ணாடியில் இடிக்காமல் இருக்க எப்படி அழுத்துவோமோ அப்படி. எனக்கு அது தெரியவே இல்லை, கால் தானாகச் செய்கிறது. ஜுன்-மோ கையைத் துடைத்துக்கொண்டு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்.

"பெரியவரே, அவ்வளவு பாத்து ஓட்டாதீங்க. உள்ள யாருமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஏன் என்று எழுதத் தெரியவில்லை, நீயும் கேட்காதே.

மறுநாளும் போனேன். பரிசோதனையை ஒரே நாளில் முடித்துவிட்டால் அது என்ன பரிசோதனை? வேறு பாதை, வேறு இருக்கை, மழைப் பாதை, இருட்டுப் பாதை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. இருட்டுப் பாதையில் லேசாக மினுக்குகிறது என்பது உண்மைதான், குறித்துக்கொள். நான் போவதற்கு முன்பே மா அம்மாள் என் இடத்தில் பார்லித் தேநீரை வைத்துவிடுகிறார், நான் எதையும் அழுத்த வேண்டாம் என்பதற்காக. ஜுன்-மோ எனக்கு முயலைக் கழற்றக் கற்றுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம், யுன்-சோல் வந்து பார்த்தால் தேடுவாள் என்றேன். எங்கள் குடியிருப்பு மாதர் சங்கத் தலைவி ஒருநாள் நான் அந்த மாடிப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டாள். நான் பல் மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னேன். அதற்குப் பிறகு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என் பல்லைப் பற்றி விசாரிக்கிறாள். என் வாயில் மிச்சம் இருக்கிற பல்லுக்கு இத்தனை தடவை மருத்துவமனை போக வேண்டியதில்லை என்று அவளுக்கே சந்தேகம் வந்து, மேல்மாடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து யுன்-சோலுக்குச் செய்தி அனுப்ப, யுன்-சோல் உனக்குச் சொல்ல, நீ எனக்குப் போன் செய்தாய். அந்தப் போன் உனக்கு நினைவிருக்கும்.

"அத்தான், இந்த வயசுல போய் கேம் சென்டர்ல உக்காந்திருந்தா அக்கா என்ன நெனைப்பா?"

அக்காவைப் பற்றி நீ அதுவரை போனில் பேசியதே இல்லை. நானும் பேசியதில்லை. உன் பக்கம் தொட்டியில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. என் பக்கம் கொதிகலன் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். பிறகு நீ, "இருபத்தேழு அங்குலம் போதுமா, முப்பத்திரண்டு பாக்கட்டுமா?" என்று கேட்டாய். நான், மேசை சிறியது, இருபத்தேழு போதும் என்றேன். குவாங்-பில், நாம் இரண்டு பேரும் இத்தனை மாதமாக மானிட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கினால் அந்தப் பேச்சும் முடிந்துபோகும். இதையும் வேண்டாம் என்பதற்கான காரணங்களில் சேர்த்துக்கொள்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ எனக்கு விலாங்குக் கஷாயம் அனுப்புவாய். போர்வைக்குள் படுத்தே கிடந்தேன். தனியாக இருக்கும் முதியோரை நலம் விசாரிக்கும் இயந்திரக் குரல் வழக்கம்போலப் போனில் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டது. சாப்பிடவில்லை, வாய் கசக்கிறது, சோயா விழுதுக் குழம்பு வைக்கலாம் என்று பார்த்தால் பூசணிக்காயை நறுக்கத் தெம்பில்லை, உன் குரல் எங்கள் பழைய பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரல் போலவே இருக்கிறது, நீ அவருக்கு உறவா என்று கேட்டேன். பதில் புரியவில்லை, தயவுசெய்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றது. ஆம் என்றேன். மகிழ்ச்சி என்று சொல்லி வைத்துவிட்டது.

அடுத்த நாள் மதியம் கதவு மணி அடித்தது. நான் எதுவும் வாங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே போய்த் திறந்தால், ஹெல்மெட்டோடு ஜுன்-மோ நிற்கிறார். கோழி டெலிவரி ஓட்டுகிறவருக்கு ஊரில் எந்தக் கதவு எங்கே என்று தெரியும். என் குடியிருப்பின் பெயரை நான் எப்போதோ சொல்லியிருக்கிறேன், வீட்டு எண்ணை அந்த மாதர் சங்கத் தலைவியிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். பல் வைத்தியர் வீட்டுக்கே வருகிறாரா என்று அவள் கேட்டாளாம். அவர் கையில் ஒரு பாத்திரம், துணியில் சுற்றி முடிச்சுப் போட்டது, மா அம்மாள் வைத்த அரிசிக் கஞ்சி. உள்ளே வரச் சொன்னேன். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை, வண்டியில் கோழி ஆறுகிறது என்றார். பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தேநீர் அப்படியே ஆறிக் கெடந்துச்சு. அந்தம்மா என்னைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணுமில்ல."

லிஃப்ட் வந்தது, போய்விட்டார். நான் கஞ்சியை மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதல். முழுவதையும் சாப்பிட்டேன். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்க முடியாது அல்லவா, உன் அக்கா இருந்திருந்தால் ஏதாவது வைத்துத்தான் கொடுத்திருப்பாள். நான் ஆப்பிள் வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக மா அம்மாள் வேறொரு பாத்திரம் கொடுத்தார். இப்போது ஏதாவது ஒரு பாத்திரம் எப்போதும் யாருடைய வீட்டிலாவது இருந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே மைத்துனா, நீ நியாயமானவன், யோசித்துப் பார். அந்த மானிட்டர் நல்ல பொருள்தான், நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். வேகமாக ஓட்டும் பிள்ளைகளுக்கு, கார்டின் வேகம் ஏறி ஏறி இறங்கும் ஆட்டங்களுக்கு, அது கட்டாயம் வாங்கத் தகுந்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அது என் வீட்டில் இருந்தால், முழங்கால் வலியோடு, இந்தக் குளிரில், அந்த மாடிப்படியை எதற்காக ஏறினேன் என்று எனக்கே நான் என்ன சொல்லிக்கொள்வது? தேநீர் குடிக்க என்றா? எனக்குத் துணை வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, அதையும் கவனி. நான் பரிசோதனைக்காகப் போகிறேன். பரிசோதனை இன்னும் முடியவில்லை. யுன்-சோலிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அந்தப் பணத்தில் அவள் அங்கே நல்ல குளிர்கோட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

உன் கடையில் எண்ணெய் புகையாமல் எரியவும், உன் இடுப்புப் பிடிப்பு வசந்தத்துக்குள் விட்டுப்போகவும், உன் மனைவியின் சொல்லை நீ ஒருமுறையாவது கேட்டு நடக்கவும் வேண்டிக்கொள்கிறேன். தொட்டியில் இருக்கும் விலாங்குகளுக்கு என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அவற்றையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
குக் ஹியோங்-கில்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது மானிட்டர் வந்துவிட்டது, அதனால் உறையைப் பிரித்து இதையும் எழுதுகிறேன். நான் "வே" என்று சொன்ன அன்றைக்கே நீ அனுப்பியிருக்கிறாய். திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் திருப்பி அனுப்பினால் உனக்குத்தான் நஷ்டம் என்று பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் மாட்டினேன். கார்டின் அமைப்பில் ஒரு இடம், மானிட்டரில் ஒரு இடம், இரண்டிலும் அந்த வசதியைப் போட்டுவிட வேண்டும், போட்டேன். ஒரு கிழிசல் இல்லை. பிரேக்கையும் தொடவில்லை, முதல் முறையாக மூன்றாவதாக வந்தேன். மூன்றாவதாக வந்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யுன்-சோலின் புத்தக அலமாரி இருந்தது. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வந்தது போலவே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. மானிட்டரை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதை எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் ஈமச் சடங்குக்குப் பிறகு நீ இந்த வீட்டுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. நீ வந்துதான் மாட்டித்தர வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகிற வேலை என்று உன் மனைவியிடம் சொல்.